பேத்தி கழுத்துக்குச் சேரும் நகை எது?

புது தில்லி: மொகஞ்சதாரோ அகழாய்வில் கிடைத்த கழுத்தணி ஒன்றின் பாதி, தலைநகரில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பச்சைநிறக் கல்மணிகளும் தங்க வட்டுகளும் கோத்த அந்த அணியின் மறுபாதி இருப்பது பாகிஸ்தானில். 1947-இல் நாடு இரண்டானபோது தொல்பொருள்களும் பங்கு பிரிக்கப்பட்டன. மேசை, நாற்காலி முதல் நூலகப் புத்தகங்கள் வரை கணக்குப் பார்த்துப் பிரித்துக் கொண்ட அதிகாரிகள், 4,000 ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணுக்கடியில் சிதையாமல் கிடந்த அணியையும் சரிபாதியாக வெட்டிப் பகிர்ந்து கொண்டனர். அதே ஊரில் கிடைத்த செம்மணி மேகலைக்கும் அதே கதிதான்.

இரு நாடுகளுக்கு நேர்ந்த இந்தச் சங்கடம் நாள்தோறும் ஏதாவது ஒரு வீட்டிலும் நேர்கிறது. பாட்டியின் அட்டிகை ஒன்று, பேத்திகள் மூவர். அதை யாருக்குக் கொடுப்பது? அழித்து மூன்றாகச் செய்வதா, விற்றுப் பணமாகப் பிரிப்பதா? இந்தக் கேள்விக்கான விடையில் பாதி, அந்த நகை வாங்கப்பட்ட நாளிலேயே தீர்மானமாகி விடுகிறது. எதை வாங்குகிறோம், எந்தத் தரத்தில், எந்த ஆவணத்துடன், யார் பெயருக்கு என்பவையே ஒரு நகை குடும்பச் சொத்தாக நிலைக்குமா, அடுத்த தலைமுறையில் உருக்கு உலைக்குப் போகுமா என்பதை முடிவு செய்கின்றன.

இந்தியக் குடும்பங்களிடம் சுமார் 25,000 டன் தங்கம் இருக்கலாம் என்பது உலக தங்க கவுன்சிலின் மதிப்பீடு. ரிசர்வ் வங்கியின் கையிருப்பு 2025 மார்ச் இறுதியில் சுமார் 880 டன். தில்லிச் சந்தையில் 10 கிராம் தங்கத்தின் விலை 2025 ஏப்ரலில் 1 லட்சம் ரூபாயைத் தொட்டது. நடுத்தரக் குடும்பம் ஒன்று வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோதான் கனமான நகை வாங்க முடியும் என்ற நிலையில், அந்தத் தேர்வில் தவறு நேர்ந்தால் இழப்பு சிறிதல்ல.

உருக்க மனமில்லாத சொத்து

தங்கத்தை அரசு எப்படிப் பார்க்கிறது, குடும்பம் எப்படிப் பார்க்கிறது என்பதில் எப்போதுமே வேறுபாடு இருந்து வந்திருக்கிறது. சீனப் போரை அடுத்து, மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்த 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது என்றது அரசு. 22 காரட்டில் கை பழகிய பொற்கொல்லர்கள் ஆயிரக்கணக்கில் தொழிலை இழந்தனர். சில ஆண்டுகளிலேயே அந்த வரம்பு தளர்த்தப்பட்டது. எனினும், 1968-இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, தனிநபர் தங்கக் கட்டி வைத்திருப்பதற்குத் தடை விதித்தது. மது தண்டவதே நிதியமைச்சராக இருந்த 1990-இல்தான் நாடாளுமன்றம் அச்சட்டத்தை நீக்கியது.

பின்னர் 2015-இல் தங்கத்தைப் பணமாக்கும் திட்டம் அறிமுகமானது. நகையை வங்கியில் கொடுத்தால் வட்டி கிடைக்கும். ஆனால், கொடுத்த நகை உருக்கப்பட்டு விடும். முதிர்வின்போது அதே நகை திரும்பி வராது. வீட்டில் இருந்த தங்கத்தில் மிகச் சிறிய பங்கே வங்கிகளுக்கு வந்து சேர்ந்தது. அத்திட்டத்தின் நடுத்தர, நீண்டகால வைப்புகளை 2025 மார்ச் 26 முதல் மத்திய அரசு நிறுத்திவிட்டது. குடும்ப நகை வேறு, முதலீட்டுத் தங்கம் வேறு என்பதை இந்த அனுபவம் தெளிவாக்கியது. முதலீடுதான் நோக்கம் என்றால் செய்கூலி, சேதாரம் கொடுத்து நகை வாங்கத் தேவையில்லை. தலைமுறைக்கு நிற்க வேண்டும் என்றால், அந்த நகையைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல்களும் வேறாக இருக்க வேண்டும்.

வழக்கமே விதியான இடங்கள்

நாட்டின் பல பகுதிகளில் எந்த நகை யாருக்குச் சேரும் என்பதை மரபே சொல்லி விடுகிறது. லடாக்கில் 'பெராக்' எனப்படும் தலையணி, தோல் பட்டையில் நீலப்பச்சைக் கற்களை வரிசையாகத் தைத்துச் செய்யப்படுவது. தாயிடமிருந்து மூத்த மகளுக்கு அது செல்லும். அதில் கேள்விக்கு இடமில்லை. காஷ்மீரப் பண்டிதர்களின் 'தேஜ்ஹோர்' என்ற தொங்கணி, மணமகளுக்குப் பெற்றோர் அளிப்பது. அதனுடன் சேரும் சங்கிலியையும் குஞ்சத்தையும் புகுந்த வீட்டார் அளிப்பார்கள். ஒரே நகையில் இரு குடும்பங்களின் பங்கும் இருக்கும். எப்போதும் காதில் இருப்பதால், 1990-இல் பள்ளத்தாக்கை விட்டு வெளியேற நேர்ந்தபோதும் பிரியாமல் உடன் வரக்கூடிய நகையாக அது இருந்தது.

தில்லியில் வாழும் பஞ்சாபிக் குடும்பங்கள் பலவற்றுக்கு, 1947-இல் எல்லை தாண்டி வந்தபோது உடுத்தியிருந்த துணியோடு வந்த நகைதான் புது வாழ்வுக்கு முதலாக அமைந்தது. அப்படி வந்த பொருள்களின் கதைகளை ஆஞ்சல் மல்ஹோத்ரா 2017-இல் வெளிவந்த தம் நூலில் தொகுத்திருக்கிறார். பெட்டகத்தில் இருக்கும் நகையைவிட, உடலில் இருக்கும் நகைக்கே பிழைத்து நிற்கும் வாய்ப்பு அதிகம் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங்குக்காக 1928-இல் பாரீஸின் கார்ட்டியே நிறுவனம் செய்து கொடுத்த வைர மாலை, உலகின் மிகப் பெரிய வைரங்களுள் ஒன்றைத் தாங்கியிருந்தது. 1948 வாக்கில் அது காணாமல் போனது. அதன் நடுவைரம் 1982-இல் ஜெனீவா ஏலத்தில் தனியாகத் தலைகாட்டியது. 1998-இல் லண்டனில் மாலையின் எஞ்சிய பகுதி கிடைத்தபோது, பெரிய கற்கள் எவையும் அதில் இல்லை. பெரிய கல்லுக்காகவே மதிக்கப்படும் நகையில், கல் பிரிந்த அன்றே நகையும் முடிந்து விடுகிறது.

ஹைதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் செய்தது வேறு. 1951-இலேயே நகைகளுக்கென அறக்கட்டளை அமைத்து, பட்டியலிட்டு வைத்தார். நீண்ட இழுபறிக்குப் பின் 1995-இல் மத்திய அரசு அந்தத் தொகுப்பை ரூ.218 கோடிக்கு வாங்கியது. ஜேக்கப் வைரம் உள்பட 173 நகைகளும் சிதறாமல் இன்று ரிசர்வ் வங்கியின் காப்பறையில் உள்ளன. 2019-இல் தேசிய அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கப்பட்டன. தொகுப்பு தப்பியதற்கு அதன் மதிப்பு மட்டும் காரணமல்ல. அதற்கு ஒரு பட்டியலும் சட்டப்படியான ஏற்பாடும் இருந்தன.

தாரிபா கலானில் கேட்க வேண்டியவை

தில்லியின் பழைய நகைக்கடை வீதி, சாந்தினி சௌக்கை ஒட்டிய தாரிபா கலான். அருகில் உள்ள கூச்சா மகாஜனியில் தங்கக் கட்டி மொத்த வணிகம் நடைபெறுகிறது. கரோல் பாகில் வங்காளக் கைவினைஞர்களின் பட்டறைகள் உள்ளன. தமிழகத்தில் சவரன் என்றால் 8 கிராம். இங்கு 'தோலா' என்றால் 11.66 கிராம். அளவுச் சொல் மாறினாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மாறுவதில்லை.

முதலாவது, தரம். 2000-ஆம் ஆண்டில் விருப்பத்தின்பேரில் தொடங்கிய ஹால்மார்க் முத்திரை, 2021 ஜூனில் முதல்கட்டமாக 256 மாவட்டங்களில் கட்டாயமாக்கப்பட்டு, பின்னர் படிப்படியாக விரிவாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு நகைக்கும் 6 இலக்க அடையாள எண் இருந்தால்தான் கடைக்காரர் அதை விற்க முடியும். எழுத்தும் எண்ணும் கலந்த அந்த அடையாளத்தை இந்திய தர நிர்ணய அமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் இட்டால், விற்றவர் யார், சோதித்த மையம் எது, தரம் என்ன என்பவை தெரிந்துவிடும். முத்திரையில் சொன்ன தரத்தைவிட நகை குறைந்திருந்தால், அந்த வேறுபாட்டுத் தொகையின் இரு மடங்கை இழப்பீடாகப் பெற விதி இருக்கிறது.

'நாங்களே திரும்ப எடுத்துக் கொள்வோம்' என்ற கடையின் உறுதிமொழி, அந்தக் கடை இருக்கும் வரைதான் செல்லும். 40 ஆண்டுகளுக்குப் பிறகு நகையை எடுத்துச் செல்லும் பேத்திக்கு, அந்தக் கடை இருக்கிறதா என்பதே தெரியாமல் போகலாம். எந்த ஊரிலும் எந்தக் கடையிலும் செல்லுபடியாகும் அடையாளம் முத்திரைதான்.

இரண்டாவது, முத்திரை இல்லாத நகைகள். வடஇந்தியத் திருமணங்களில் பெரிதும் விரும்பப்படும் குந்தன், போல்கி, ஜடாவ் வகைகளுக்குக் கட்டாய ஹால்மார்க்கிலிருந்து விலக்கு உண்டு. காரணம், அவற்றின் அமைப்பு. தங்கக் கூட்டினுள் அரக்கை நிரப்பி, கல்லை அமர்த்தி, சுத்தத் தங்கத் தகட்டை விளிம்பில் அழுத்திப் பொருத்துவதே குந்தன் முறை. போல்கி என்பது பட்டை தீட்டாத இயற்கை வைரம். கல்லுக்கு அடியில் ஒளிகாட்டும் தகடு இருக்கும். பின்புறத்தில் ஜெய்ப்பூர், பிகானேர் மீனாகாரி வண்ணப்பூச்சு அமையும். எனவே தராசில் காணும் எடையில் தங்கம், கல், அரக்கு மூன்றும் கலந்திருக்கும்.

அழகிலும் கைத்திறனிலும் இவற்றுக்கு ஈடில்லை. ஆயினும், தங்கத்தின் நிகர எடை எவ்வளவு, காரட் என்ன, கல் வைரமா கண்ணாடியா என்பதைத் தனித்தனியாக ரசீதில் எழுதி வாங்காவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அதை மதிப்பிட வழியிருக்காது. தகட்டின் பின்னே நீர் புகுந்தால் கல்லின் ஒளி மங்கிவிடும். மீனாகாரி உதிர்ந்தால் கல்லையும் அரக்கையும் கழற்றாமல் மீண்டும் சூளையில் வைக்க முடியாது. இத்தகைய நகையைப் பேணத் தெரிந்த குடும்பத்துக்கே அது பொருந்தும்.

மூன்றாவது, காரட்டும் பயனும். கல் இல்லாத வளையலுக்கும் சங்கிலிக்கும் 22 காரட், அதாவது 91.6 விழுக்காடு தங்கம், ஏற்றது. வைரம் பதிக்கும் நகைக்கு 18 காரட்டே சரி. தங்கம் சற்றுக் கடினமாக இருந்தால்தான் கல்லைப் பிடித்திருக்கும் முனைகள் தேயாமல் நிற்கும். 9 காரட் நகைக்கும் 2025-இல் ஹால்மார்க் அனுமதி கிடைத்துள்ளது. அதில் தங்கம் 37.5 விழுக்காடே உள்ளது. விலை ஏறிய காலத்தில் அது அணிவதற்கு உதவலாம். குடும்பத்தின் சேமிப்பாகக் கொள்ள அது போதாது.

நான்காவது, கல்லின் இயல்பு. வைரம், மாணிக்கம், நீலம் ஆகியவை கடினமானவை. மரகதத்தில் இயல்பாகவே கீறல்கள் இருக்கும். எண்ணெய் ஊட்டி அவற்றை மறைப்பது வழக்கம். முத்தும் பவளமும் மென்மையானவை. வியர்வையும் வாசனைத் திரவியமும் அவற்றின் பொலிவைக் கெடுக்கும். முத்துமாலையை அவ்வப்போது புதுநூலில் கோக்க வேண்டும். ஆய்வகத்தில் வளர்க்கப்படும் வைரம் இயற்கை வைரத்தின் அதே வேதிப்பொருள்தான். 2023 மத்திய பட்ஜெட்டில் அதற்கான ஆராய்ச்சி நிதி அறிவிக்கப்பட்டு, சென்னை ஐஐடிக்கு அளிக்கப்பட்டது. ஆனால் உற்பத்தி பெருகப் பெருக அதன் விலை சரிந்து வந்துள்ளது. எது எது என்பதைச் சான்றிதழில் தெளிவாகப் பெறுவது அவசியம்.

ஐந்தாவது, கட்டமைப்பு. நகை முறிவது பெரும்பாலும் கொக்கியிலும் திருகாணியிலும் பற்றவைத்த இடங்களிலும்தான். உள்ளீடற்ற காப்பு கனமாகத் தோன்றும். நசுங்கினால் சீர்செய்வது கடினம். சாதாரணப் பொற்கொல்லர் ஒருவர் கழற்றிச் செப்பனிடக்கூடிய எளிய அமைப்பே நீண்ட நாள் நிற்கும். பங்கீட்டையும் அப்போதே எண்ணிப் பார்க்கலாம். ஒரே கனத்த ஆரத்துக்குப் பதிலாக ஒரே வடிவில் நான்கு வளையல்கள் வாங்கினால், நாளை நால்வருக்கு அவற்றை உருக்காமலே பகிர முடியும்.

நகை யாருடையது?

திருமணத்தின்போதும் அதற்கு முன்னும் பின்னும் பெண்ணுக்கு அளிக்கப்படும் நகை, 'ஸ்திரீதனம்' என்ற வகையில் அவருக்கே முழு உரிமை உள்ள சொத்து. அதைக் கணவரோ அவர் வீட்டாரோ வைத்திருந்தாலும் பொறுப்பாளராக மட்டுமே வைத்திருக்கிறார்கள் என்று பிரதிபா ராணி வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கேரளத் தம்பதியர் வழக்கொன்றில் 2024 ஏப்ரலில் அதே நிலைப்பாட்டை உறுதி செய்த நீதிமன்றம், மனைவியின் நகைகளுக்கு ஈடாக ரூ.25 லட்சம் வழங்குமாறு கணவருக்கு உத்தரவிட்டது. இடர்ப்பாட்டில் கணவர் அதைப் பயன்படுத்தலாம். திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்பதே நீதிமன்றத்தின் கருத்து.

உரிமை தெளிவாக இருந்தாலும், அந்தப் பெண்ணுக்குப் பிறகு நகை எங்கே போகும் என்பதில் பலருக்குத் தெரியாத சிக்கல் ஒன்று இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறக்கும் இந்துப் பெண்ணின் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் சேரும். அவர்கள் இல்லையென்றால், அடுத்த உரிமை அவரது தாய், தந்தைக்கு அல்ல, கணவரின் வாரிசுகளுக்கு. பெற்றோரிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்து மட்டுமே, பிள்ளைகள் இல்லாத நிலையில், தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும்.

திருமணமான மூன்றே மாதங்களில் கணவரை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட பெண் ஒருவர், பிறந்த வீட்டின் ஆதரவில் படித்து, வேலை பார்த்துச் சேர்த்த சொத்து, அவர் உயில் எழுதாததால் கணவர்வழி உறவினருக்கே சேரும் என 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரிவுக்காகச் சட்டத்தை மாற்றிப் பொருள்கொள்ள இயலாது என்ற நிலையில் வந்த தீர்ப்பு அது. இத்தகைய தகராறுகளைத் தவிர்க்கப் பெண்கள் உயில் எழுதி வைக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே வேண்டுகோள் விடுத்தது. உயிலில் எழுதியவரின் கையொப்பமும் இரு சாட்சிகளின் கையொப்பமும் இருந்தால் போதும், பதிவு கட்டாயமில்லை. 'என் நகைகள்' என்று பொதுவாக எழுதாமல், எடை, வடிவம், முத்திரை எண் ஆகியவற்றுடன் எழுதினால் பின்னர் சண்டைக்கு இடமிராது.

வரியும் பெட்டகமும்

பணமதிப்பிழப்பு அறிவிப்பைத் தொடர்ந்து 2016 நவம்பரில் வரிச் சட்டத் திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறியபோது, பரம்பரை நகைக்கும் வரி வரும் என்ற வதந்தி நாடெங்கும் பரவியது. முறையான வருவாயில் வாங்கிய அல்லது வாரிசுரிமையில் வந்த நகையை வைத்திருக்க உச்சவரம்பு ஏதுமில்லை என்று டிசம்பர் 1-ஆம் தேதி மத்திய அரசு விளக்கமளித்தது. வருமான வரிச் சோதனையின்போது மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரை பறிமுதல் செய்யக் கூடாது என்ற 1994-ஆம் ஆண்டு அறிவுறுத்தலும் அப்போது நினைவூட்டப்பட்டது. இது பறிமுதலுக்கான அளவே தவிர, வைத்திருப்பதற்கான வரம்பு அல்ல. நகைக்கும் பொருந்தி வந்த செல்வ வரி, 2015 பட்ஜெட்டில் கைவிடப்பட்டது.

வாரிசுரிமையில் வரும்போது வரி இல்லை, விற்கும்போது உண்டு. அப்போது, முதலில் வாங்கியவர் கொடுத்த விலையே அடிப்படையாகக் கொள்ளப்படும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியதாக இருந்தால், அந்தத் தேதியின் சந்தை மதிப்பை எடுத்துக் கொள்ளலாம். பாட்டியின் ரசீது பேத்தியின் வரியைக் குறைக்கும் என்பதால், மஞ்சளடித்த காகிதம் என்று அதைக் கிழித்துப் போட்டுவிடக் கூடாது.

வங்கிப் பெட்டகம் பற்றியும் ஒரு சொல். தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால், வங்கியின் பொறுப்பு பெட்டகத்தின் ஓராண்டு வாடகையின் 100 மடங்கு வரை மட்டுமே என்ற ரிசர்வ் வங்கி விதி 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகை ரூ.3,000 என்றால் அதிகபட்சம் ரூ.3 லட்சம். உள்ளே 30 சவரன் இருந்தாலும் அதுதான் வரம்பு. தனியே காப்பீடு எடுப்பது நல்லது. வங்கிச் சட்டத் திருத்தத்தை 2024 டிசம்பரில் மக்களவையும் 2025 மார்ச்சில் மாநிலங்களவையும் நிறைவேற்றின. அதன்படி, பெட்டகத்துக்கு நான்கு பேர் வரை ஒருவர்பின் ஒருவராக நியமனதாரரைக் குறிக்கலாம். நியமனதாரர் பெட்டகத்தைத் திறந்து பெற்றுக் கொள்பவரே. உரிமையாளர் யார் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான் முடிவு செய்யும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 100 ஆண்டுகளைக் கடந்த நகை, 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரக்கூடும். தொல்பொருளைத் தனிநபர் நாட்டுக்கு வெளியே ஏற்றுமதி செய்ய இயலாது.

ஆக, மணநாள் நெருங்கும்போது கடைக்குச் செல்லும் குடும்பத்தார் செய்ய வேண்டியவை சிலவே. தராசில் எது அதிகம் நிற்கிறது என்று பார்ப்பதோடு நில்லாமல், ஆண்டில் எத்தனை நாள் அதை அணிய முடியும் என்றும் எண்ண வேண்டும். தங்கத்தின் நிகர எடை, கல் எடை, தரம், அடையாள எண் எல்லாம் அடங்கிய ரசீதைப் பெற்று, நகையின் படத்துடன் ஒரே உறையில் வைக்க வேண்டும். யார், யாருக்கு, எந்த நாளில் கொடுத்தது என்று நான்கு வரி கைப்பட எழுதி அந்த உறையிலேயே சேர்த்துவிட்டால், 50 ஆண்டுகள் கழித்துப் பெட்டியைத் திறக்கும் பேத்திக்கு யாரிடமும் கேட்க வேண்டியிராது.